அப்பா பொய் சொல்லாத நாற்பத்தேழு நாள்

என் அண்ணன் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தாறு. சென்னையிலிருந்து போன் எடுத்தால் முதல் வார்த்தையே "அக்கா, சாப்பிட்டியா?" தான். ஹட்டனில் நான் நடத்தும் தையல் கடைக்கு அவனைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் யாராவது வந்தால், "நீங்கதான் அவரோட அக்காவா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தை உற்றுப் பார்த்து, "வயசே தெரியலீங்களே" என்பார்கள். இந்தப் பாராட்டை நான் முப்பது வருஷமாகக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் எங்கள் அப்பாவின் புண்ணியம்.

அண்ணன் கர்நாடக சங்கீதத்தில் உருப்படிகள் எழுதுகிறவன். வர்ணம், கீர்த்தனை, தில்லானா என்று நூற்றுக்கு மேல் எழுதிவிட்டான். பெரிய பெரிய வித்வான்கள் அவற்றை மேடையில் பாடுகிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதிலென்ன?

அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மற்ற நேரமெல்லாம் கிளாரினெட். ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, மாரியம்மன் திருவிழா என்று எது நடந்தாலும் கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். போகும்போது நேராகப் போவார், வரும்போது பாதையின் இரண்டு பக்கத்தையும் அளந்துகொண்டு வருவார். அப்பாவைப் பற்றி அம்மா ஒரே வரியில் சொல்வார்: "வாசிப்புல ராசா, குடியில மகாராசா, பொய்யில சக்கரவர்த்தி." மூன்றிலும் அம்மா மிகைப்படுத்தவில்லை.

அண்ணனுக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையின் சாக்கடைக் கானுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மூன்று வாரம் எங்கள் காம்பரா அறையை விட்டு அசைய முடியவில்லை. அசைய முடியாததால் குடிக்கவும் முடியவில்லை. வேறு வழியில்லாமல் கட்டிலில் சாய்ந்தபடி கிளாரினெட்டை எடுத்து, கதனகுதூகல ராகத்தில் ஒரு தில்லானா போட்டார். எனக்கு அப்போது ஆறு வயது. பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டியது நான்தான். ஒரு வரியை வாசிப்பார், நிறுத்துவார், தலையை ஆட்டி மாற்றுவார், மறுபடி வாசிப்பார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டைக் கேட்டால் யாருக்கும் காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவே தோளை ஆட்டினார், பிறகு நாங்கள் பார்ப்பதைக் கண்டு எங்களைத் திட்டினார். அண்ணன் இரண்டே நாளில் முழுசாகப் பாடம் பண்ணிவிட்டான்.

அடுத்த திருவிழாவில் ஹட்டனில் அண்ணன் அதை மேடையில் பாடினான். அப்பா கூடவே வாசித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கொழும்பிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "இந்தத் தில்லானாவை இயற்றியவர் யார்?" என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார். அவர் ஒரு சொல் பேசுவதற்கு முன்பே முன்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிட்டது. காரணம், முந்தின வருஷம் இதே மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கி, தவில்காரர் மடியில் சாய்ந்த ஆள் அவர். அப்பா அந்தச் சிரிப்பைப் பார்த்தார். வாயை மூடினார். பிறகு அண்ணன் தலையில் கையை வைத்து, "இவன் போட்டதுங்க" என்றார்.

"அடேயப்பா! தம்பிக்கு எத்தனை வயசு?"

"அஞ்சுங்க."

"அது யாரு, கீழ நிக்கிற பாப்பா?"

"அவ இவனுக்கு அக்காங்க. ஆறு வயசு."

என் வயதில் அவர் கைவைக்கவே இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரே மூச்சில் நான் அண்ணனுக்கு அக்காவாகிவிட்டேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அம்மா பொரிந்து தள்ளினார். "பெத்தவ நான் உசுரோட இருக்கேன், மூணு வருஷத்த எங்க தூக்கிப் போட்டீங்க?" அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, "நாளைக்குத் திருத்திக்கலாம்" என்றார். அதற்குள் அது பேப்பரில் வந்துவிட்டது. அப்புறம் எதைத் திருத்துவது?

அதன் பிறகு எங்கள் வீடு நாடகக் கொட்டகையானது. அண்ணன் ஆள் சிறுசு, உடம்பைப் பார்த்தால் ஐந்து என்று நம்பலாம். பல்தான் காட்டிக்கொடுத்தது. எட்டு வயதுக்கு உரிய இரண்டு பெரிய முன்பற்கள் அவனுக்கு முளைத்திருந்தன. "மேடையில சிரிக்காதடா, பல்லு தெரியும்" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்துப் படங்களில் அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பான். அதைப் பார்த்து ஒருவர், "அந்த வயதிலேயே முகத்தில் எத்தகைய ஞான முதிர்ச்சி!" என்று கட்டுரை எழுதினார். நான் ஆட்கள் முன்னால் அவனைத் தம்பி என்று அழைத்து, அவன் மூக்கைத் துடைத்துவிட வேண்டும். அதை நான் மிகவும் ரசித்துச் செய்தேன். அவன் வீட்டுக்கு வந்து என் தலையில் குட்டுவான்.

சிரிப்பான கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது அண்ணனுக்குத் துரோகம். பிள்ளை மேதை என்று ஊர் நம்பியதும் அப்பாவுக்கு அவனை மேதையாக்கியே தீரவேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. குடித்துவிட்டு வந்து, தூறலில் இறவாரத்துக்கு வெளியே அவனை நிறுத்தி, ஒரே சுரவரிசையை முப்பது தரம் பாடவைப்பார். ஒன்று பிசகினால் மறுபடி முதலிலிருந்து. கிளாரினெட் பெட்டியின் தோல் வாரால் அடித்தும் இருக்கிறார். அம்மா நடுவில் விழுந்து தடுப்பார். அந்த வாரை நான் ஒரு நாள் மலசலகூடக் குழிக்குள் போட்டேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை. அப்பாவை எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்த நாட்களை நான் மன்னிக்கவில்லை.

அண்ணனுக்கு இருபத்திரண்டு வயதானபோது, தன் உருப்படிகளை மட்டுமே வைத்துக் கொழும்பில் முதல் கச்சேரி செய்தான். அப்பா குடித்துவிட்டு மேடை ஏறினார். மைக்கைப் பிடுங்கி, "அஞ்சு வயசுல..." என்று தொடங்கினார். மிருதங்கக்காரரிடம் காலப்பிரமாணம் சரியில்லை என்று சண்டைக்குப் போனார். கடைசியில் தம்புராவின் மேல் விழுந்து அதை இரண்டாக்கினார். அன்றிலிருந்து அண்ணன் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. போனில் என்னிடம், "அவரு எப்படி இருக்காரு?" என்று கேட்பான். பதினாறு வருஷம் அப்பா எங்கள் வீட்டில் வெறும் 'அவர்' ஆகத்தான் இருந்தார்.

போன கார்த்திகைக்குக் கொஞ்சம் முன்னால், அண்ணனுக்கு ஹட்டனில் பாராட்டு விழாவும் கச்சேரியும் நடத்த ஊர்க்காரர்கள் ஏற்பாடு செய்தார்கள். அந்தச் செய்தி கேட்டதிலிருந்து அப்பா என் கடைக்கு வந்து வந்து உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்தாறு வயது, வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. ஊசிப் பெட்டியைத் திறப்பார், மூடுவார். நாலாம் நாள்தான் விஷயம் வெளியே வந்தது.

"அந்தத் தில்லானாவ மட்டும் அவன் பக்கத்துல ஒக்காந்து நான் வாசிக்கணும். கேட்டுச் சொல்லும்மா."

நான் அண்ணனிடம் கேட்டேன். "குடிக்காம வந்தா வாசிக்கட்டும்" என்றான். அதோடு விட்டிருக்கலாம். "அக்கா, ஒன்னு சொல்றேன், யாருக்கும் சொல்லாத. அன்னைக்கு மேடையிலயே அது யாரு போட்ட பாட்டுன்னு அவரு வாயால சொல்ல வைக்கப் போறேன்" என்றான்.

"எதுக்குண்ணே இப்ப?"

"முப்பது வருஷமா அது என் பேருல கெடக்கு. எங்க போனாலும் அதத்தான் மொதல்ல பாடச் சொல்றாங்க. நான் ராத்திரி பகலா ஒக்காந்து எழுதுனது நூறு இருக்கு, ஊருக்குப் புடிச்சது அந்த மனுஷன் காலு ஒடஞ்சு போட்டது! எனக்கு அவரு மேல கோவம் இன்னும் தீரல. கோவம் இருக்கிற ஆளோட பொருள நான் வச்சிக்கிட்டு இருக்கக் கூடாது. திருப்பிக் குடுத்துடணும்."

யாருக்கும் சொல்லாதே என்றானா, நான் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அப்பாவிடம் மட்டும் சொன்னார். ஆனால் அது பிறகு நடந்தது. அதற்கு முன்னால் அப்பா மாலை போட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

குடிக்காமல் இருப்பதற்கு அப்பா கண்டுபிடித்த வழி ஐயப்பன். தானாக நிறுத்த முடியாது என்று அவருக்குத் தெரியும். மாலை போட்டுவிட்டால் ஊரே காவல் நிற்கும், தவறணைக்காரன்கூட ஊற்றிக் கொடுக்க மாட்டான். நாற்பத்தெட்டு நாள் விரதம் முடியும் அன்றுதான் கச்சேரி. மறுநாள் குருசாமியோடு ஐயப்பன் கோயிலுக்கு இருமுடி கட்டிப் போய் மாலையைக் கழற்றுவதாகத் திட்டம். ஹட்டன் கடைவீதியில் ஆணி, பெயின்ட் விற்கும் முதலாளி ஒருவர்தான் எங்கள் பக்கத்துக் குருசாமி. இருபது தடவைக்கு மேல் விரதம் இருந்தவர், சிரிக்கவே மாட்டார். மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்:

"குடி கூடாது. கறி மீனு கூடாது. காலுக்குச் செருப்பு கூடாது. பொய் பேசக் கூடாது."

அப்பா தலையை நீட்டியவர் பின்னால் இழுத்துக்கொண்டார். "மத்ததெல்லாம் சரிங்க சாமி. கடைசியா சொன்னீங்களே, அது..."

"அது என்னா?"

"அது நம்ம கைத்தொழில் மாதிரிங்க."

குருசாமி மாலையைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப் போனார். அப்பா அவசரமாகத் தலையை நீட்டினார். அப்படியாக எங்கள் அப்பா சாமியானார்.

மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், மனைவி மக்களானாலும் அப்படித்தான். "குடிகாரப் பாவி" என்று நாற்பது வருஷம் கூப்பிட்டுப் பழகிய அம்மா, "சாமி, தேத்தண்ணி வேணுங்களா?" என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். அப்பா கறுப்பு வேட்டி, அதற்கு மேல் நான் பின்னிக் கொடுத்த பச்சை சுவெட்டர், காதுக்குக் கம்பளித் தொப்பி என்று வலம்வந்தார். மார்கழிக் குளிரில் விடியற்காலையும் சாயந்தரமும் மலையிலிருந்து பீலியில் கொட்டும் தண்ணீரில் குளித்தார். அவர் போடும் "சாமியே சரணம் ஐயப்பா" பக்தியால் வந்ததா, குளிரால் வந்ததா என்று எங்கள் லயத்தில் தர்க்கமே நடந்தது. கூடக் குடித்தவர்கள் அவரைப் பாதையில் கண்டதும் போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கும்பிட்டார்கள்.

முதல் இரண்டு வாரம் அவருக்குக் கை நடுங்கியது. கிளாரினெட்டின் துளைகளை விரல் சரியாக மூடவில்லை, காற்று ஒழுகியது. வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே வரியை நூறு தரம் முயன்றார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் வாரம் கை நின்றது. அன்று அந்த வரி முழுசாக வந்தபோது நான் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

குடியைவிடக் கஷ்டம் பொய்யாகத்தான் இருந்தது. சாமி உண்மை பேசத் தொடங்கியதும் தோட்டமே கலங்கியது. பக்கத்து வீட்டு அக்கா தன் மகளைப் பாடவைத்துவிட்டு, "எப்படீங்க சாமி?" என்று ஆசையோடு கேட்டார். "சுருதியே இல்லம்மா, வேற ஏதாவது படிக்க வையி" என்றார் சாமி. ஹட்டன் பஸ் நிலையத்தில் ஓய்வுபெற்ற பெக்டரி ஐயாவைக் கண்டதும் காலில் விழுந்து, "எங்க பெரியம்மா செத்துட்டாங்கன்னு நாலு தடவ லீவு கேட்டேனுங்க. எனக்குப் பெரியம்மாவே கெடையாதுங்க" என்றார். அந்த ஐயா, "மூணாவது சாவுலயே தெரியும்யா, எந்திரி" என்று தூக்கிவிட்டார். வீட்டில் அம்மாவின் நெத்தலிக் குழம்பு தனக்கு எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை என்று போட்டு உடைத்தார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "குடிச்ச மனுஷனையே திருப்பிக் குடுத்துடச் சொல்லுடி. இவரோட குடும்பம் நடத்த முடியாது."

இந்த நேரத்தில்தான் அண்ணனின் திட்டம் என் வாய், அம்மாவின் வாய் வழியாகச் சாமியின் காதுக்குப் போனது. அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அன்று அது மூன்றாவது குளியல். திரும்பி வந்து, தலை ஈரம் சொட்டச் சொட்ட என் முன்னால் நின்றார்.

"அவன் மேடையில வச்சிக் கேட்டா நான் என்னா சொல்றது?"

"உள்ளதச் சொல்லுங்க சாமி. நீங்கதான போட்டீங்க?"

"அவனுக்கு என்கிட்டேருந்து வேற என்னா வந்திருக்கு சொல்லு? அடி வந்திருக்கு, அவமானம் வந்திருக்கு. நல்லதுன்னு நான் குடுத்தது இது ஒன்னுதான். குடுத்தத திருப்பி வாங்குறவனா நான்?"

"அப்ப மேடைக்குப் போகாதீங்க."

"போகணும். ஒரு தரமாவது குடிக்காம அவன் பக்கத்துல ஒக்காரணும்."

ஒருவன் வாங்கியதைத் திருப்பித் தராமல் தூங்க மாட்டேன் என்கிறான், மற்றவர் கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் செத்துப்போவேன் என்கிறார். நடுவில் நான், அக்கா என்ற பட்டத்தோடு.

மறுநாளே சோதனை வந்தது. விழாவை ஒட்டிக் கட்டுரை எழுத, கொழும்புப் பத்திரிகைக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போன் எடுத்தார். ஐந்து வயதில் தில்லானா இயற்றிய கதையைத் தகப்பனார் வாயால் கேட்க வேண்டுமாம். அப்பா போனை அம்மா கையில் திணித்து, "குளிக்கப் போயிட்டாருன்னு சொல்லு" என்றார். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று உடனே துண்டோடு பீலிக்கு ஓடினார். பத்திரிகைக்காரர் விடாக்கண்டர். நாளுக்கு மூன்று நான்கு தரம் எடுத்தார். ஒவ்வொரு தரமும் சாமி நிஜமாகவே குளித்தார். ஒரு வாரத்தில் அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கு சிவந்துவிட்டது. "இந்தளவு ஆசாரமான மனிதரை நான் பார்த்ததே இல்லை அம்மா" என்றார் பத்திரிகைக்காரர், மெய்சிலிர்த்து.

நாற்பத்தெட்டாம் நாள் மாலை நாலு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் ஆட்கள். மாலை போட்டவர்கள் மட்டுமே முப்பது பேருக்கு மேல் கறுப்பு வேட்டியோடு இரண்டாம் வரிசையில் குருசாமியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகைக்காரரும் புகைப்படக்காரரோடு முன்வரிசையில் இருந்தார்.

அண்ணன் வந்து இறங்கினான். வாசலில் அப்பா வெறுங்காலோடு, கிளாரினெட் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அண்ணன் கைகூப்பி, "சாமி சரணம்" என்றான். அப்பா பதிலுக்கு, "சாமி சரணம்" என்றார். அப்பா என்று சொல்லாமல் கூப்பிட அவனுக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது, கெட்டிக்காரன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை நாலு சாத்த வேண்டும் போலவும் இருந்தது.

கச்சேரி பிரமாதம். கடைசி உருப்படி தில்லானா. அண்ணன் பக்கத்தில் இடம் காட்ட, அப்பா மேடை ஏறி உட்கார்ந்தார். வாத்தியத்தைத் துடைத்தார். அண்ணன் சுருதிக்குக் கை காட்டுவதற்குப் பதிலாக மைக்கை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"இந்தத் தில்லானாவ எல்லாரும் என் பேரச் சொல்லித்தான் பாடுறாங்க. இன்னைக்கு ஒரு உண்மை தெரியணும். சாமி மாலை போட்டிருக்காங்க, பொய் சொல்ல மாட்டாங்க. சொல்லுங்க சாமி, இதப் போட்டது யாரு?"

மைக்கை அப்பா கையில் கொடுத்தான். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். குளிக்கப் போக வழியில்லை. மெதுவாக எழுந்து, கிளாரினெட்டை உட்கார்ந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கினார். ஓடிப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் இரண்டாம் வரிசைக்குப் போய்க் குருசாமி முன்னால் தலையைக் குனிந்து நின்றார். மைக் இன்னும் கையிலேயே இருந்தது, அதை அவர் மறந்துவிட்டார். அவர் ரகசியமாகப் பேசியது மண்டபத்தின் நாலு மூலையிலும் கேட்டது.

"கழட்டி விடுங்க சாமி."

"என்னா பேச்சு இது? நாளைக்குக் கோயிலுக்குப் போய்க் கழட்டலாம். இன்னும் ஒரு நாள்தான இருக்கு?"

"இப்பவே கழட்டணுங்க."

"எதுக்கு?"

"ஒரு பொய் சொல்லணுங்க."

குருசாமி அப்பாவின் முகத்தைப் பார்த்தார், மேடையில் நின்ற அண்ணனைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, எழுந்து நின்று, "சாமியே சரணம் ஐயப்பா" என்று சொல்லி, அப்பாவின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாற்பத்தேழு நாள் அப்பா ஒரு சொட்டுத் தொடவில்லை, ஒரு பொய் சொல்லவில்லை. அத்தனையையும் அந்த இடத்தில் விட்டுவிட்டு, வெறும் கழுத்தோடு மேடை ஏறினார். மைக்கை வாய்க்கு நேரே பிடித்தார்.

"இந்தத் தில்லானாவ எம்மவன்தாங்க போட்டான். அப்ப அவனுக்கு அஞ்சு வயசு."

முதலில் சிரித்தது குருசாமி. ஆணிக் கடையில் ஒரு நாளும் சிரிக்காத மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கறுப்பு வேட்டிகள், பிறகு இரண்டு பஸ் ஆட்கள், பிறகு மண்டபம் முழுக்க. சிரித்துக்கொண்டே எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "பொய்யில சக்கரவர்த்தி" என்று என்னிடம் சொன்னார். நான் அழுதுகொண்டிருந்தேன், ஆனால் சிரிப்பும் நிற்கவில்லை.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் வெறும் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, அவர் கையிலிருந்த மைக்கை மெல்ல வாங்கினான்.

"சரிங்கப்பா. நான்தான் போட்டேன். நீங்க வாசிங்க."

அப்பா வாத்தியத்தை எடுத்தார். முதல் வரியில் காற்று ஒழுகியது. இரண்டாம் வரியில் அண்ணன் குரலைச் சேர்த்துத் தாங்கிக்கொண்டான். அதன் பிறகு இரண்டு பேரும் அந்த மண்டபத்தில் யாரையும் உட்கார விடவில்லை.

மறுநாள் பத்திரிகையில் கட்டுரை வந்தது. ஐந்து வயதில் தில்லானா இயற்றிய மேதை, அதைத் தம் வாயாலேயே உறுதிசெய்த ஆசாரசீலரான தந்தை என்று படத்தோடு போட்டிருந்தார்கள். மாலை கழற்றியதைப் பற்றி, மகன் மேல் கொண்ட பாசத்தால் செய்த ஏதோ மலையகச் சடங்கு என்று இரண்டு வரி. அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடித்தார். அதை மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் இப்போதெல்லாம் அண்ணன் போன் எடுத்தால் என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அப்பாகிட்ட குடு" என்கிறான்.

அந்தத் தில்லானா யாருடையது என்று இன்றைக்கு ஹட்டனில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பஸ் நிலையத்தில் கேளுங்கள், ஆணிக் கடையில் கேளுங்கள். எல்லோருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "அவரு மகன் போட்டதுங்க, அஞ்சு வயசுல" என்றுதான் சொல்வார்கள்.